ஒரே பையன், ஒரே எடை... ஒரு அட்டவணையில் 'நார்மல்', இன்னொன்றில் 'ஓவர்வெயிட்'! எதை நம்புவது?

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகாவில் இருக்கும் எறையூர் என்றாலே பலருக்கும் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். இப்போது அதோடு சிப்காட் தொழில் பூங்காவும் சேர்ந்துவிட்டது. கரும்பு வெட்டிய குடும்பத்தில் இருந்து அடுத்த தலைமுறை ஷிஃப்ட் வேலைக்குப் போகிறது. மாதச் சம்பளம் வருகிறது. கூடவே பிள்ளைகள் கையில் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் ஸ்நாக்ஸ் பாக்கெட்டும் வருகிறது.

இப்படி ஒரு வீட்டில் சரியாக 10 வயது முடிந்த ஒரு பையன் இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உயரம் 140 செ.மீ. எடை 37.5 கிலோ. "பையன் கொஞ்சம் குண்டா இருக்கானே?" என்று அப்பாவுக்குச் சந்தேகம். "வளர்ற புள்ளை, கண்ணு வைக்காதீங்க" என்கிறார் பாட்டி.

சரி, அளந்தே பார்த்துவிடலாம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 37.5-ஐ 1.4 x 1.4-ஆல் வகுத்தால் 19.1.

இந்த 19.1 அதிகமா, சரியா?

உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி பையன் 'ஓவர்வெயிட்'. ஐ.ஓ.டி.எஃப் எனப்படும் சர்வதேச உடல்பருமன் பணிக்குழுவின் அட்டவணைப்படி 'நார்மல்'. அமெரிக்காவின் சி.டி.சி அட்டவணைப்படியும் நூலிழையில் 'நார்மல்'. நம்ம ஊர் குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐ.ஏ.பி அட்டவணையில் பார்த்தால் மறுபடியும் 'ஓவர்வெயிட்'.

பையன் மாறவில்லை. எடை மெஷினும் மாறவில்லை. அளவுகோல்தான் மாறுகிறது. ஏன்?

*பெரியவர்களுக்கு ஒரே கோடு, பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?*

பெரியவர்கள் கணக்கு எளிது. பி.எம்.ஐ 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தாண்டினால் உடல்பருமன். குழந்தைகளுக்கு இது செல்லாது. பிறந்த முதல் வருடம் பி.எம்.ஐ ஏறும். பிறகு 5, 6 வயது வரை இறங்கும். அதன்பின் மறுபடி ஏறும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பருவமடையும் வயது வேறு என்பதால் இந்த ஏற்றமும் வேறு வேறு.

அதனால் ஒரு குழந்தையை அதே வயது, அதே பாலினப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க முடியும். நூறு பிள்ளைகளை எடை வரிசைப்படி நிற்கவைத்தால் நம்ம பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்கும்? கேள்வி இவ்வளவுதான். பதில் மாறுவதற்குக் காரணம், அந்த நூறு பிள்ளைகள் யார் என்பதும், வரிசையில் எந்த இடத்தில் கோடு போடுகிறோம் என்பதும்தான்.

*உலக சுகாதார அமைப்பு: ஒன்றல்ல, இரண்டு அட்டவணை*

உலக சுகாதார அமைப்பிடம் இருப்பது ஒரே அட்டவணை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இரண்டு.

முதலாவது, 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2006-ல் வெளியானது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள். இந்தியாவில் தெற்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால் குடித்த, வீட்டில் போதிய வசதி உள்ள, அம்மா புகைபிடிக்காத குழந்தைகளை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். அதாவது குழந்தைகள் 'எப்படி வளர்கிறார்கள்' என்பதல்ல, நல்ல சூழல் கிடைத்தால் 'எப்படி வளர வேண்டும்' என்பதுதான் அதன் நோக்கம். அதனால்தான் அதற்கு 'தரநிலை' என்று பெயர்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த பழைய அமெரிக்க அட்டவணை, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை வைத்துப் போடப்பட்டது. அதோடு ஒப்பிட்டால், தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகூட சில மாதங்களில் எடை குறைவது போலத் தெரியும். "தாய்ப்பால் பத்தலை, பவுடர் பால் குடுங்க" என்ற அறிவுரைக்கு அந்த அட்டவணையும் ஒரு காரணமானது. அளவுகோல் தப்பாக இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இந்தியாவில் அங்கன்வாடிகள் 2008-ல் புதிய தரநிலைக்கு மாறின.

இரண்டாவது, 5 முதல் 19 வயது வரைக்குமானது; 2007-ல் வந்தது. இதற்காக உலகம் முழுக்கப் புதிதாக அளக்கவில்லை. அமெரிக்காவின் பழைய 1977 அட்டவணைக்கு அடிப்படையான தரவுகளையே எடுத்து, 2006 தரநிலையோடு சீராக இணையும்படி மறுபடி கணக்கிட்டார்கள். எனவே இது 'தரநிலை' அல்ல, 'ஒப்பீட்டு அளவு' மட்டுமே.

*ஐந்தாவது பிறந்தநாளில் நடக்கும் அதிசயம்*

இந்த இரண்டு அட்டவணைகளுக்கும் கோடு போடும் விதியும் வேறு. நடுநிலையில் இருந்து எவ்வளவு விலகல் என்பதை 'இசட் ஸ்கோர்' என்பார்கள். 5 வயதுக்குள் +2-ஐத் தாண்டினால்தான் அதிக எடை, +3-ஐத் தாண்டினால் உடல்பருமன். 5 வயது முடிந்ததும் +1-லேயே அதிக எடை, +2-லேயே உடல்பருமன்.

இதன் விளைவைப் பாருங்கள். பி.எம்.ஐ 17.2 உள்ள ஒரு சிறுவன், பிறந்தநாளுக்கு முதல் மாதம் 'அதிக எடைக்கான வாய்ப்பு உள்ளவன்'. பிறந்தநாள் முடிந்து அடுத்த மாதம் அதே பி.எம்.ஐ-யோடு 'ஓவர்வெயிட்'. கேக் சாப்பிட்டதால் அல்ல, கோடு மாறியதால்!

சிறு குழந்தைகளை அவசரப்பட்டு 'குண்டு' என்று முத்திரை குத்தி, பெற்றோர் சாப்பாட்டைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வயதில் கோட்டைத் தள்ளிப் போட்டார்கள். காரணம் நியாயமானது. ஆனால் 5 வயதுக்குட்பட்டோர் புள்ளிவிவரத்தையும் பள்ளிப் பிள்ளைகள் புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் வைத்து "பள்ளிக்குப் போனதும் குண்டாகிவிடுகிறார்கள்" என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 5 வயதுக்குட்பட்டோரில் 3.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இது 2.1 சதவீதம். தமிழ்நாட்டில் 4.3 சதவீதம். இந்த எண்கள் எல்லாமே +2 கோட்டைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணியவை.

*ஐ.ஓ.டி.எஃப், சி.டி.சி: ஏன் கொஞ்சம் தாராளம்?*

ஐ.ஓ.டி.எஃப் அளவு 2000-ல் வந்தது. பிரிட்டன், பிரேசில், நெதர்லாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், அமெரிக்கா என ஆறு இடங்களின் தரவு. இந்தியா இல்லை. இவர்கள் பின்னாலிருந்து கணக்குப் போட்டார்கள். 18 வயதில் பி.எம்.ஐ 25-ல் நிற்கும் ஒருவர், அதே பாதையில் வந்திருந்தால் 10 வயதில் எங்கே இருந்திருப்பார்? அந்தப் புள்ளிதான் 10 வயதுக்கான கோடு. ஆண் பிள்ளைக்கு அது 19.8.

சி.டி.சி அட்டவணையும் 2000-ல் வந்ததுதான். முழுக்க அமெரிக்கப் பிள்ளைகள். நூறு பேரில் 85-வது இடத்தைத் தாண்டினால் அதிக எடை, 95-ஐத் தாண்டினால் உடல்பருமன். இதில் ஒரு புத்திசாலித்தனமான முடிவு எடுத்தார்கள். கடைசியாக எடுத்த கணக்கெடுப்பில் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் எடை ஏற்கெனவே கூடியிருந்ததால், அந்த எடைகளைச் சேர்க்கவில்லை. வகுப்பே குண்டாகிவிட்டால் சராசரியும் ஏறிவிடும்; அப்புறம் குண்டுதான் 'நார்மல்' ஆகிவிடும் என்பதே காரணம்.

இந்த வித்தியாசத்தைக் கிலோவில் சொன்னால் எளிதாகப் புரியும். நம் 140 செ.மீ பையனுக்கு உலக சுகாதார அமைப்பின் அதிக எடைக் கோடு சுமார் 36.3 கிலோ. சி.டி.சி-க்கு 38 கிலோ. ஐ.ஓ.டி.எஃப்-க்கு 38.9 கிலோ. உடல்பருமன் என்று வந்தால் இடைவெளி இன்னும் பெரிசு. உலக சுகாதார அமைப்புக்கு சுமார் 42 கிலோ, ஐ.ஓ.டி.எஃப்-க்கு 47 கிலோ. நடுவில் அஞ்சு கிலோ! அந்த அஞ்சு கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரு அறிக்கையில் 'உடல்பருமன்' பட்டியலில் இருப்பார்கள், இன்னொன்றில் இருக்க மாட்டார்கள்.

*இந்தியப் பிள்ளைகளுக்கு ஏன் தனிக் கோடு?*

இந்தியர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பி.எம்.ஐ உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. குறிப்பாக வயிற்றில். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவின் ஆய்வில், சராசரியாக 2.7 கிலோவில் பிறந்த இந்தியக் குழந்தைகளை 3.5 கிலோவில் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சர்க்கரை நோய் நம்மிடம் சீக்கிரமாகவும், குறைந்த எடையிலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. இதைப் பின்பற்றித்தான் இந்திய குழந்தைகள் மருத்துவக் கூட்டமைப்பு, அதாவது ஐ.ஏ.பி, 2015-ல் 5 முதல் 18 வயது வரைக்குமான அட்டவணையை வெளியிட்டது. பெரியவர்களின் 23-க்கு இணையான புள்ளி அதிக எடை. 27-க்கு இணையான புள்ளி உடல்பருமன். 25, 30 என்ற ஐ.ஓ.டி.எஃப் கோடுகளைவிட இது கறார். அதனால்தான் நம் பையன் அங்கே தப்பித்து, இங்கே மாட்டுகிறான்.

இதன் தரவு சென்னை, மதுரை உட்பட 14 நகரங்களில் இருந்து வந்தது. நடுத்தர, உயர் வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகள். இதிலும் சி.டி.சி போலவே, உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்களை நீக்கிவிட்டுத்தான் கணக்குப் போட்டார்கள்.

*அப்போ எறையூர்ப் பையனுக்கு?*

நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளையை வைத்துப் போட்ட கோட்டில் கிராமத்துப் பிள்ளையை நிறுத்துவது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வசதி கிடைத்தால் எப்படி வளர முடியும் என்பதைக் காட்டுவதால், அந்தக் கோட்டை இலக்காக எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் தர்க்கம்.

கிராமத்தில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. மேலே சொன்ன அதே குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டோரில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். சின்ன வயதில் சத்துக் குறைந்து உயரம் குன்றிய பிள்ளை, பிறகு பிஸ்கட், முறுக்கு, கூல்டிரிங்க் என்று எடை போட்டால் பி.எம்.ஐ ஏறும். 'குண்டு' என்ற ஒரே வார்த்தையில் இந்தப் பிள்ளையின் சத்துக் குறைபாடு மறைந்துவிடும். அதனால் உயரத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குச் சோற்றைக் குறைப்பது தீர்வல்ல. முட்டை, பயறு, கீரை, பால் என்று தட்டை மாற்றுவதுதான் தீர்வு.

*சரி, பெற்றோர் என்ன செய்யலாம்?*

ஒரு அட்டவணையைப் பிடித்தால் அதையே பிடியுங்கள். மருத்துவரிடம் "எந்த சார்ட் பார்க்கிறீங்க?" என்று கேட்பதில் தப்பில்லை. இந்தியாவில் 5 வயது வரை உலக சுகாதார அமைப்பு, அதற்கு மேல் ஐ.ஏ.பி என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான நடைமுறை. போனில் வரும் கால்குலேட்டர் எந்த நாட்டு அட்டவணையில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒருநாள் எண்ணைவிடப் போகும் திசை முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், ஒரே மெஷினில் அளந்து எழுதிவையுங்கள். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் பல வருடமாக அதே பாதையில் போகும் பிள்ளையைவிட, ஒரே வருடத்தில் இரண்டு கோடு தாண்டி ஏறும் பிள்ளைக்குத்தான் உடனடிக் கவனம் தேவை.

ஒரு இஞ்ச் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான 'நைஸ்', 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த அளவைப் பரிந்துரைக்கிறது. 140 செ.மீ பையனுக்கு 70 செ.மீ-க்குள் இருக்க வேண்டும்.

பின்கழுத்தைப் பாருங்கள். கருமையாக, வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

டயட் வேண்டாம். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கத் தேவையில்லை. ஏறாமல் பார்த்துக்கொண்டாலே உயரம் கூடக்கூட பி.எம்.ஐ தானாக இறங்கும். கிண்டல் மட்டும் கூடவே கூடாது, வீட்டிலும் சரி, வகுப்பிலும் சரி.

*செய்தியைப் படிக்கும்போது...*

"இத்தனை சதவீதம் குழந்தைகளுக்கு உடல்பருமன்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வயது? எந்த அட்டவணை? 'அதிக எடை' என்ற எண்ணுக்குள் உடல்பருமன் உள்ளவர்களும் சேர்த்தியா? இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும்.

பி.எம்.ஐ மட்டுமே வைத்து ஒருவருக்கு உடல்பருமன் நோய் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2025 ஜனவரியில் லான்செட் நிபுணர் ஆணையமும் சொல்லியிருக்கிறது. அட்டவணை சொல்வது 'இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்' என்பதை மட்டும்தான்.

எறையூர்ப் பையனுக்கு வருவோம். 37.5 கிலோ. அப்பாவின் சந்தேகமும் சரி, பாட்டியின் நம்பிக்கையும் முழுக்கத் தப்பில்லை. ஐ.ஏ.பி கோட்டைத் தாண்டியிருக்கிறான்; பயப்பட வேண்டிய உயரத்தில் இல்லை. இடுப்பை அளந்து, கழுத்தைப் பார்த்து, பாக்கெட் ஸ்நாக்ஸுக்குப் பதிலாக வேர்க்கடலை கொடுத்து, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் விளையாட விட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் போதும். அப்போதும் அதே அட்டவணையில்!