கடுகுக்குக் கணக்கு உண்டு, பூசணிக்குக் கிடையாது

உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து 2024-இல் ராணுவத்துக்குச் செலவழித்த தொகை 2,71,800 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அதில் அமெரிக்காவின் பங்கு மட்டும் 99,700 கோடி, அதாவது 37 சதவீதம். இரண்டாம் இடத்திலுள்ள சீனாவின் செலவு 31,400 கோடி என்பது அதன் மதிப்பீடு.

ராணுவம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. வாங்கிய பணத்துக்கு யார் எவ்வளவு கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். ஒரு பக்கம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், மறுபக்கம் அதே அரசின் உணவு, குழந்தை நலத் திட்டங்கள். தொகைகள் எல்லாம் டாலரில்.

முதல் பக்கம்: சில்லறை

செய்தித்தாள்களில் அதிகம் அடிபடுவது சில்லறைக் கணக்குதான். சி-17 சரக்கு விமானத்தின் கழிப்பறையில் சோப்புக் கரைசல் ஊற்றி வைக்கும் குப்பிக்கு, சந்தை விலையைவிட 7,943 சதவீதம் கூடுதலாக விமானப் படை கொடுத்திருக்கிறது என்று பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 2024 அக்டோபரில் அறிக்கை தந்தார். கணக்குப் போட்டால் ஒரு குப்பிக்கு 80 குப்பி விலை. ஒப்பிட்ட பொருள் ராணுவத் தரத்துக்கானது அல்ல என்று போயிங் மறுத்தது. குப்பிகளில் மட்டும் கூடுதலாகப் போனது 1,49,072 டாலர். 12 வகை உதிரி பாகங்களைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 லட்சம்.

2019-இல் இன்னொரு அறிக்கை. டிரான்ஸ்டைம் என்ற நிறுவனத்திடம் வாங்கிய 47 உதிரி பாகங்களை ஆராய்ந்தார்கள். 46-இல் அளவுக்கு மீறிய லாபம். 46 டாலர் பெறக்கூடிய ஓர் உலோக ஊசிக்கு 4,361 டாலர் கொடுக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்த பிறகு நிறுவனம் 1.61 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது.

இவற்றைப் படித்தால் கோபம் வரும். ஆனால் சோப்புக் குப்பி, ஊசி எல்லாவற்றையும் மிச்சப்படுத்தியிருந்தாலும் பென்டகனின் ஒருநாள் செலவில் ஒரு மூலைகூட நிரம்பாது. பெரிய தொகைகள் அடுத்த பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டாம் பக்கம்: பெருந்தொகை

ஆப்கன் சீருடை. ஆப்கன் ராணுவத்துக்கு அமெரிக்கப் பணத்தில் தைத்துக் கொடுத்த உடையில் பச்சைக் காட்டு வடிவம். அந்நாட்டின் நிலப்பரப்பில் காடு 2.1 சதவீதம்தான். காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய அந்த வடிவத்தை இணையத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர். உரிமமும் தையலும் சேர்ந்து கூடுதலாக 2.8 கோடி வரை ஆனது என்று 2017-இல் ஆப்கன் மறுகட்டமைப்புப் பணிகளுக்கான தலைமை ஆய்வாளர் கணக்குச் சொன்னார்.

ஜி-222 விமானம். ஆப்கன் விமானப் படைக்காக இத்தாலியப் பழைய சரக்கு விமானங்கள் 20. திட்டச் செலவு 54.9 கோடி. பராமரிப்பும் உதிரி பாகமும் இல்லாமல் காபூலில் முடங்கிய 16 விமானங்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள், ராத்தலுக்கு 6 சென்ட் வீதம். வந்த பணம் 40,257 டாலர். போட்ட முதலில் பதின்மூன்றாயிரத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை.

சூ சிட்டி கப்பல். கரையோரப் போருக்கென்று கட்டிய சிறு போர்க்கப்பல்களில் ஒன்று. விலை சுமார் 36.2 கோடி. 25 ஆண்டு உழைக்க வேண்டியது 2018 நவம்பரில் பணியில் சேர்ந்து 2023 ஆகஸ்டில் ஓய்வு பெற்றது. ஐந்து ஆண்டுகூட முடியவில்லை. இதே ரகக் கப்பல்களின் உந்துவிசைப் பற்சக்கரத் தொகுதியில் வடிவமைப்புக் கோளாறு இருந்தது. ஒன்பது கப்பல்களை ஓய்வில் அனுப்பக் கடற்படையே கேட்டது. நாடாளுமன்றம் நான்குக்கு மட்டும் சம்மதித்தது. வேண்டாம் என்று வாங்கியவர் சொன்னாலும் வைத்துக்கொள் என்று பணம் கொடுப்பவர் சொல்லும் விநோதம் வேறு துறைகளில் காணக் கிடைக்காது. கப்பல் கட்டும் ஊர்களில் வேலைவாய்ப்பும் வாக்கும் இருக்கின்றன.

எஃப்-35 போர் விமானம். சுமார் 2,500 விமானங்களை வாங்கிப் பல பத்தாண்டுகள் பறக்கவைக்க மொத்தம் 2 லட்சம் கோடிக்கு மேல் ஆகும் என்கிறது நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. பராமரிப்புச் செலவு மட்டும் 2018-இல் 1.1 லட்சம் கோடியாக இருந்த மதிப்பீடு, 2023-இல் 1.58 லட்சம் கோடி. 2023 மார்ச்சில் பணிக்குத் தயாராக இருந்தவை 55 சதவீதம்.

இந்த விமானத்தின் உதிரி பாகங்கள் ஒப்பந்த நிறுவனங்களின் கிடங்குகளில் இருக்கின்றன. 2018 மே முதல் ஐந்து ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் காணாமல்போயின, மதிப்பு 8.5 கோடிக்கு மேல். அந்த இழப்புகளில் அரசு அலுவலகம் ஆராய்ந்து பார்த்தது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

மூன்றாம் பக்கம்: சோறு

ஸ்னாப் எனப்படும் உணவு உதவித் திட்டத்தில் 2024 நிதியாண்டில் மாதந்தோறும் சராசரியாக 4.17 கோடிப் பேர் பயன்பெற்றார்கள். ஆண்டுச் செலவு ஏறக்குறைய 10,000 கோடி. ஒருவருக்கு மாதம் 187 டாலர், அதாவது நாளொன்றுக்கு ஆறு டாலரைக் கொஞ்சம் தாண்டும். சூ சிட்டி கப்பலின் விலையை இந்தச் சராசரியால் வகுத்தால் 1.61 லட்சம் பேரின் ஓராண்டு உணவு உதவி வருகிறது. ஜி-222 விமானங்களுக்குப் போனது 2.44 லட்சம் பேருக்கானது.

இந்த ஆறு டாலருக்கு எத்தனை நிபந்தனைகள் என்று பாருங்கள். உதவி அட்டையைக் கொண்டு கடையில் சூடான பொரித்த கோழி வாங்க முடியாது. அதே கோழி ஆறிப்போய்க் குளிர்பெட்டிக்குள் வந்தால் வாங்கலாம். சிறு குழந்தைகள் இல்லாத, உடல் நலமுள்ளவர் மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ செய்வதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உதவி. இந்த விதிக்கான வயது வரம்பை 54-லிருந்து 64-க்கு உயர்த்தியது 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெருஞ்சட்டம்.

அதே சட்டம் ராணுவத்துக்குக் கூடுதலாகச் சுமார் 15,000 கோடி ஒதுக்கியது. ஸ்னாப் திட்டத்திலிருந்து பத்தாண்டுகளில் குறைவது சுமார் 18,600 கோடி என்பது நாடாளுமன்ற நிதிநிலை அலுவலகத்தின் மதிப்பீடு. 2034-இல் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் ஒரு கோடிப் பேர் கூடுவார்கள் என்பதும் அதே அலுவலகம் சொன்னதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் நடந்ததும் இப்படித்தான். 2021-இல் குழந்தை வரிச்சலுகையை உயர்த்தி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலர், பெரிய பிள்ளைக்கு 250 என்று ஜூலை முதல் டிசம்பர் வரை வங்கிக் கணக்கில் போட்டார்கள். அந்த ஆண்டு குழந்தை வறுமை, துணை அளவீட்டின்படி, 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நீட்டிக்கவில்லை. 2022-இல் 12.4 சதவீதம். ஒரே ஆண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மீண்டும் வறுமைக் கோட்டுக்குக் கீழே போனார்கள். உயர்த்திய சலுகையின் கூடுதல் செலவு ஆண்டுக்கு 10,000 கோடியை ஒட்டி வரும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்றார்கள். 2022 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் அனுமதித்தது 85,800 கோடி. அதிபர் கேட்டதைவிட 4,500 கோடி அதிகம். கேட்காமலே கிடைத்த இந்தத் தொகை சலுகை முழுவதற்கும் போதாது என்பது உண்மைதான். ஆனால் ஏறக்குறையப் பாதிக்குப் போதும்.

நான்காம் பக்கம்: தணிக்கை

பென்டகன் முதல்முறையாக முழுத் தணிக்கைக்கு உட்பட்டது 2018-இல். அன்று முதல் 2024 வரை ஏழு முறை நடந்தது. ஏழு முறையும் தணிக்கையாளர்கள் தந்த பதில் ஒன்றே: கருத்துச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. துறையின் மொத்தச் சொத்து மதிப்பு 2024-இல் 4.1 லட்சம் கோடி. தனித்தனியாகக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய 28 பிரிவுகளில் குறையில்லாத சான்று பெற்றவை ஒன்பது.

எண்ணவே முடியாத அளவு பெரிய நிறுவனம் என்று சமாதானம் சொல்வார்கள். கடற்படையோடு இணைந்த மரைன் படைப்பிரிவு 2024 பிப்ரவரியில் அதைப் பொய்யாக்கியது. தணிக்கையாளர்கள் இரண்டு ஆண்டுகளில் 70-க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய், 7,800 நிலங்கள் கட்டடங்கள், 5,900 தளவாடங்கள், 19 லட்சம் உதிரிப் பொருள்கள், 2.4 கோடி வெடிபொருள்கள் வரை சரிபார்த்தார்கள். சான்று கிடைத்தது. எண்ண மனமிருந்தால் எண்ணலாம்.

உணவு உதவிக்கு என்ன அளவுகோல்? 2024-இல் ஸ்னாப் வழங்கலில் பிழை 10.93 சதவீதம். இதில் கூடுதலாகக் கொடுத்ததும் உண்டு, குறைத்துக் கொடுத்ததும் உண்டு. பெரும்பாலும் வருமானத்தையும் வீட்டுச் செலவையும் பதிவதில் நேரும் தவறு, எல்லாம் மோசடி அல்ல. ஒரு மாநிலத்தில் இந்தப் பிழை 6 சதவீதத்தைத் தொட்டால், 2027 அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டிலிருந்து, இதுவரை மத்திய அரசே முழுதாக ஏற்றுவந்த உதவித் தொகையில் 5 முதல் 15 சதவீதத்தை அந்த மாநிலம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பிழை மிக அதிகமுள்ள சில மாநிலங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, அவ்வளவுதான். இதுவும் 2025 ஜூலைச் சட்டம்.

பென்டகனுக்கும் கெடு உண்டு: 2028 டிசம்பர் 31-க்குள் தணிக்கையில் தேற வேண்டும். தேறாவிட்டால் அபராதம் எதுவும் எழுதப்படவில்லை. தேறாத பிரிவு தன் ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தைக் கருவூலத்துக்குத் திருப்ப வேண்டும் என்று செனட்டர்கள் சாண்டர்ஸும் கிராஸ்லியும், ஒருவர் இடதுசாரி, மற்றவர் குடியரசுக் கட்சிக்காரர், 2023-இல் மசோதா கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை.

அந்த ஒரு சதவீதம் எவ்வளவு வரும்? 2024-இல் பென்டகனுக்குக் கிடைத்தது 84,000 கோடியைத் தாண்டும். மொத்தத்துக்கும் கணக்கிட்டால் 840 கோடி. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று 67 லட்சம் பேருக்கு ஊட்டச்சத்து வழங்கும் விக் திட்டத்துக்கு அதே ஆண்டு ஒதுக்கியது சுமார் 703 கோடி. கணக்குக் காட்டாததற்கான அபராதமே அந்தத் திட்டத்தை ஓராண்டு நடத்தி மிச்சம் 137 கோடி வைத்திருக்கும். பிழைக்கு அபராதம் என்பது நல்ல விதிதான். அதை முதலில் எந்தக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும் என்பதில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் தவறிவிட்டது.