ஃபியூஸ் இருக்கே, போதாதா?

கிரைண்டரைத் தொட்டால் லேசாக 'சுர்'ருங்குதா? "செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டு" என்று சமாளிக்காதீர்கள். மெயின் போர்டில்தான் ஃபியூஸ் இருக்கே என்பீர்கள். அது காப்பது ஒயரை, உங்களை அல்ல! 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக அதைவிட அதிக கரன்ட் ஓட வேண்டும். இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும்.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகிற கரன்ட் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அதாவது உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். 100, 300 என்றும் விற்கிறார்கள். நீங்கள் 30-ஐக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி 'ட்ரிப்' ஆகிறதே என்று பிடுங்கி எறிகிறவர்களை என்ன சொல்ல! கசிவு எங்கே என்றல்லவா தேடணும்?

அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். லைன் கட் ஆகவில்லையா? எலெக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள்.