கிள்ளிப்பாலத்திலிருந்து அகத்தியமலை வரை

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தின் கிழக்கு முனையில் கிள்ளிப்பாலத்தின் அடியில் ஓடுவது நெடுமங்காட்டுப் பக்கமிருந்து வரும் கிள்ளியாறு. பள்ளத்துக்கடவில் அது கரமனையாற்றோடு சேர்கிறது. கரமனையாறு அகத்தியமலைத் தொடரில் பிறந்து 68 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலை அடைகிறது. இந்தப் பள்ளத்தாக்கு உட்பட திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை 1816 முதல் 1820 வரை அளந்து வரைந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரு லெப்டினன்டுகள்.

காடும் பாறையுமான மலையில் சங்கிலி பிடித்து எவ்வளவு தூரம் அளக்க முடியும்? அளக்கவே வேண்டாம் என்பதுதான் முக்கோணக் கணக்கின் அழகு. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற இரண்டு பக்கங்களும் தாமாகக் கிடைத்துவிடும். 1802இல் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்து இந்த வேலையைத் தொடங்கினார் அளவையாளர் லாம்டன். சில ஆண்டுகளில் அவருடைய முக்கோண வலை தென்கோடிவரை நீண்டுவிட்டது. கால் வைக்க முடியாத சிகரமும் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தால் படத்தில் இடம்பிடித்துவிடும்.

பக்கத்துக் குன்றுகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. முக்காலிமேல் பொருத்திய பலகையில் தாளை விரித்து, குன்றை நோக்கி அளவுகோலைத் திருப்பி ஒரு கோடு போடுவார்கள். பிறகு வேறோர் இடத்துக்குப் போய், பலகையைத் திசை மாறாமல் நிறுத்தி, அதே குன்றுக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் குன்று நிற்கும் இடம். நின்ற இடத்திலேயே படம் பிறப்பதைப் போல வியப்பான வேலை வேறில்லை என்பேன்.

மரங்கள் கண்ணை மறைக்கும் பள்ளத்தின் அடியில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஆற்றோரமாகவே நடந்து, வளைவுக்கு வளைவு திசையும் தூரமும் குறிக்க வேண்டும். மலைக்காய்ச்சல் அந்நாளைய அளவையாளர்களை ஓயாமல் வாட்டியது. சங்கிலி இழுத்தவர்களும் கொடி பிடித்தவர்களும் வழி காட்டியவர்களும் சேர்ந்து செய்த வேலைக்கு இரண்டு அதிகாரிகளின் பெயர் மட்டும் நிலைத்தது நியாயமே இல்லை.

அக்கால நிலப்படங்களில் மலைச்சரிவைச் சிறு கீற்றுகளால் காட்டினார்கள். செங்குத்தான இடத்தில் கீற்றுகள் நெருங்கிக் கறுக்கும். எங்கே செங்குத்து என்பது தெரியும். எத்தனை அடி உயரம் என்பது தெரியாது. அதைச் சொல்லும் சம உயரக் கோடுகள் இந்திய நிலப்படங்களில் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான்.

இன்று இத்தகைய பழைய படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த விரும்புகிறவர்கள் முதலில் இடம் மாறாத புள்ளிகளைத் தேட வேண்டும். கரமனையாறு அதற்கு உதவாது: கரை நகரும், மேலே பேப்பாறை அணை வந்து 1983 முதல் ஆற்றின் ஒரு பகுதி ஏரியாகிவிட்டது. சிகரங்களைத்தான் முதலில் பொருத்த வேண்டும். அதன் பிறகே ஆறு எங்கெங்கே விலகியிருக்கிறது என்று பார்க்க முடியும்.