வீட்டு வாசலில் ஒரு மின் நிலையம்

துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி நடப்பதால் நாளை காலை முதல் பிற்பகல் வரை மின்சாரம் இருக்காது என்னும் அறிவிப்பை நாளிதழில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நம் ஊர்ப் பெயரும் இருந்தால் வீட்டில் என்னென்ன நடக்கும்? அம்மா முதல் நாள் இரவே மாவு அரைத்து வைப்பார். அப்பா மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவார். அக்கா கைப்பேசிக்கு மின்னேற்றுவாள். முன்கூட்டியே தெரிந்த மின்தடை என்றால் இவ்வளவு போதும். சொல்லாமல் வருகிற மின்தடைக்கு என்ன செய்வது?

வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து மாணவர்கள் பெரியவர்களிடம் 2012ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2008இல் தலைகாட்டிய மின் பற்றாக்குறை அந்த ஆண்டில் உச்சத்தை அடைந்தது. சென்னையில் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களிலோ பல நாட்களில் 10 மணி நேரத்துக்கும் மேல். கயத்தாறு, சுரண்டை வட்டாரங்களின் காற்றாலைகள் ஆனி, ஆடி மாதங்களில் நன்றாகச் சுழன்று மின்சாரம் தரும். ஐப்பசியில் காற்று ஓய்ந்தால் அவையும் ஓய்ந்துவிடும். காற்றாலைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே நம் மக்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்! கூடங்குளத்தின் முதல் அணு உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்புடன் இணைந்தது. வேறு நிலையங்களும் வந்தன. பற்றாக்குறை படிப்படியாகக் குறைந்தது.

ஆனால் இயற்கைச் சீற்றம் குறையவில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா மாவட்டச் சிற்றூர்கள் பல வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை தென் மாவட்டங்களை மூழ்கடித்தது. பல இடங்களில் மின்சாரம் நின்றது.

இத்தகைய வேளைகளில்தான் கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு ஜெனரேட்டர் நினைவுக்கு வருகிறது. வாங்கலாமா? எவ்வளவு பெரியது வாங்குவது? எங்கே வைப்பது? இவற்றுக்கெல்லாம் கடைக்காரரைவிட உங்கள் இயற்பியல் பாடமே நல்ல பதில் சொல்லும். வாருங்கள், பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1831இல் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. எல்லா மின் நிலையங்களுக்கும் மூலக்கருத்து இதுதான். சுழற்றுவது எது என்பதில்தான் வேறுபாடு. பாபநாசத்தில் 1944 முதல் அருவி நீர் சுழற்றுகிறது. கயத்தாறில் காற்று சுழற்றுகிறது. கூடங்குளத்தில் நீராவி சுழற்றுகிறது. உங்கள் வாசலில் வைக்கும் சிறு ஜெனரேட்டரில் பெட்ரோல் எஞ்சின் சுழற்றுகிறது. அவ்வளவே!

எத்தனை வேகத்தில் சுழற்ற வேண்டும்? நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் அலைவு எண் வினாடிக்கு 50. ஒரு வட துருவமும் ஒரு தென் துருவமும் உள்ள காந்தம் ஒரு முறை சுழன்றால் ஓர் அலை உண்டாகும். ஆகவே வினாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று வேண்டும். சிறு ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் இந்த வேகத்தில்தான் ஓடுகின்றன.

ஓடுகிற ஜெனரேட்டரின் ஒலியைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் மிக்சியைப் போட்டதும் எஞ்சினின் குரல் ஒரு கணம் கம்மும். பிறகு சமாளித்துக்கொண்டு பழைய குரலுக்கு வரும். காரணம் எளிது. சுருளில் மின்சாரம் அதிகமாகப் பாயும்போது அது காந்தத்தின் சுழற்சியை எதிர்க்கிறது. இதுவே லென்ஸ் விதி. பழைய சைக்கிளில் டைனமோ விளக்கை எரியவிட்டு ஓட்டினால் மிதிப்பது கடினமாக இருக்குமே, அதே சங்கதி! வேகம் குறைவதை உணர்ந்து கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்புக்கு ‘கவர்னர்’ என்று பெயர்.

இன்னொரு வகையும் இப்போது கிடைக்கிறது. அதில் பிறக்கும் மின்சாரத்தை முதலில் நேர் மின்சாரமாக மாற்றி, பிறகு மின்னணுச் சுற்று ஒன்று அதைச் சீரான 50 அலைவுகளாக்கித் தரும். இதற்கு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று பெயர். சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடலாம். சத்தமும் செலவும் குறையும். விலைதான் அதிகம்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் 4 (36 வாட்). 75 வாட் மின்விசிறிகள் 3 (225 வாட்). ஒரு தொலைக்காட்சி, 80 வாட். ஒரு ஃபிரிட்ஜ், 150 வாட். மொத்தம் 491 வாட். அப்படியானால் 500 வாட் ஜெனரேட்டர் போதுமா?

போதாது! ஃபிரிட்ஜுக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரைக் கிளப்ப, ஓடும்போது தேவைப்படுவதைப் போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டம் ஓரிரு வினாடிகளுக்கு வேண்டும். அந்த நொடியில் ஃபிரிட்ஜ் 900 வாட் அளவுக்கு இழுக்கிறது என்று கொள்வோம். மற்றவை 341 வாட். மொத்தம் 1,241 ஆகிவிட்டது. ஆகவே இந்த வீட்டுக்கு 1,500 வாட் தரக்கூடிய ஜெனரேட்டர் தேவை.

தண்ணீர் ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரைச் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். 373 வாட் வேலை செய்யும் அந்த மோட்டார், இழப்புகளையும் சேர்த்துச் சுமார் 600 வாட் எடுக்கும். கிளம்பும்போது பல மடங்கு கேட்கும். ஒரு சிக்கன வழி உண்டு. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் கிளப்ப வேண்டும். அது ஓடத் தொடங்கிய பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடலாம். மோட்டார் கிளம்பாமல் முனகினால் உடனே அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அதன் சுருள் கருகிவிடும்.

ஒரு யூனிட் என்ன விலை?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 33 மெகாஜூல் வெப்ப ஆற்றல் இருக்கிறது. ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். வகுத்துப் பார்த்தால் சுமார் 9 யூனிட் வருகிறது. ஆனால் நமக்குக் கிடைப்பதோ ஒன்று முதல் ஒன்றரை யூனிட்தான். மீதி எங்கே போயிற்று? சைலன்சர் வழியே சூடான புகையாகவும், எஞ்சினின் உடம்புச் சூடாகவும் போய்விட்டது.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டுக்கு 65 முதல் 100 ரூபாய் வரை ஆகிறது. மின்வாரியத்தின் யூனிட்டோ சில ரூபாய்தான். பெரிய ஜெனரேட்டரில் இரண்டே விளக்குகளை எரியவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். சுமை இல்லாவிட்டாலும் எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும் அல்லவா?

இங்கே இன்வெர்ட்டர் பேட்டரியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,800 வாட் மணி ஆற்றல் அடங்கும். இழப்பு போக, பேட்டரியை அடியோடு வற்றவிடாமல் எடுத்தால் ஒரு யூனிட் கிடைக்கும். நம் வீட்டின் விளக்கும் விசிறியும் சேர்ந்து 261 வாட். அவை 4 மணி நேரம் ஓடும். பராமரிப்பு நாளின் மின்தடைக்கு இது போதும், புகையில்லை, சத்தமில்லை. ஆனால் கஜா போன்ற புயலுக்குப் பின் பேட்டரிக்கு யார் மின்னேற்றுவது? அங்கேதான் ஜெனரேட்டர் வேண்டும்.

இரண்டையும் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஜெனரேட்டரை நாள் முழுவதும் ஓட்டாமல் இரண்டு மூன்று மணி நேரம் நல்ல சுமையுடன் ஓட்டித் தண்ணீர் ஏற்றி, ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, பேட்டரிக்கும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். இரவை அந்தப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இனி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பிறகு ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கோ அந்த எச்சரிக்கையும் கிடையாது.

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா புயல் தாக்கியது. அங்கே இறந்தவர்களில் பலர் காற்றில் சிக்கியவர்கள் அல்லர். புயல் ஓய்ந்த பின்பு, மின்சாரம் இல்லாத வீட்டில் ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தவர்கள். நம் நாட்டிலும் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்திருக்கின்றன.

மழை பெய்கிறது, திருடு போய்விடும் என்றெல்லாம் சொல்லி ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மாடிப்படிக்கு அடியிலோ, திண்ணையிலோ வைத்து ஓட்டக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எந்தக் கதவையும் ஜன்னலையும் பார்க்காதபடி வெட்டவெளியில் வைக்க வேண்டும். மழையானால் பக்கங்கள் திறந்த கூரை ஒன்று தனியே வேண்டும்.

காற்றின் திசையும் முக்கியம். மலையடிவாரத்து ஊரான வாசுதேவநல்லூரில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும். அப்போது வீட்டுக்கு மேற்கே ஜெனரேட்டரை வைத்தால் புகை முழுவதும் உள்ளேதான் வரும். கார்த்திகையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். இடத்தையும் மாற்ற வேண்டும். கிழக்கு வீட்டுக்காரரின் ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க மறவாதீர்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், காரணம் தேட உட்கார வேண்டாம். எல்லாரையும் வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து 108ஐக் கூப்பிடுங்கள்.

கம்பத்தின் மேல் ஒருவர் இருக்கிறார்

சிலர் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைத் தயாரித்து, ஜெனரேட்டரிலிருந்து சுவரிலுள்ள பிளக் பாயிண்டுக்கு மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரியும். ஆனால் மின்சாரம் வீட்டோடு நிற்குமா? மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அது தெருக் கம்பிக்கும் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் இருவழிப் பாதை என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். 11,000 வோல்ட்டை ஒரு கட்டத்துக்குச் சுமார் 250 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் 44. அதன் தாழ்ந்த பக்கத்தில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் உயர்ந்த பக்கத்தில் 230 × 44 = 10,120 வோல்ட்! அக்கம்பக்கத்து வீடுகளின் சுமை முழுவதும் ஏறுவதால் சிறு ஜெனரேட்டர் பெரும்பாலும் திணறி நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி அறுந்து உங்கள் வீடு மட்டும் தனித்து நிற்கும் நிலையில் அது நிற்காது. கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி லைன்மேன் கை வைக்கிறார். அவர் உயிரைப் பறிக்க 10,000 வோல்ட் வேண்டாம்; 230 வோல்ட்டே போதும். நமக்கு விளக்கேற்ற மழையில் கம்பம் ஏறியவர் அவர்.

இதற்குரிய கருவி ‘சேஞ்ச் ஓவர்’ சுவிட்ச். அதன் கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின்வாரிய இணைப்பு, மறுபக்கம் இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றாக இணைய அதன் அமைப்பே இடம் கொடாது. நம் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் மாற்றக்கூடியதாக வாங்கி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்த வேண்டும். எர்த் இணைப்பையும் அவரே பார்த்துச் செய்யட்டும்.

பெட்ரோலும் பராமரிப்பும்

மண்ணெண்ணெயைத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாக்க 38 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் அந்த ஆவி எழும். நம் ஊர் வெயிலில் கேட்க வேண்டுமா? எனவே ஓடும் எஞ்சினிலும், நிறுத்திய சூடு ஆறாத எஞ்சினிலும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. அருகில் சிம்னி விளக்கும் கூடாது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பது குழந்தைகளுக்கும் ஆபத்து.

பல மாதம் தேங்கிய பெட்ரோல் பிசின்போலாகிக் கார்புரேட்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும். ஆகவே மாதம் ஒரு முறை கால் மணி நேரம் சுமையுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுநாள் நிறுத்தி வைப்பதானால் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலியாக்க வேண்டும். எஞ்சின் ஆயிலின் அளவை ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்ல பழக்கம்.

நீங்கள் செய்ய

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு மின்கருவியின் மேலும் எழுதியுள்ள வாட் அளவைக் குறித்துக் கூட்டிப் பாருங்கள். மோட்டார் உள்ளவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மின்சாரம் போனால் எவை கட்டாயம் வேண்டும், எவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் தெருவில் யாராவது ஜெனரேட்டர் வைத்திருந்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: புகை எந்தப் பக்கம் போகிறது? சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், 44 என்ற அந்தப் பெருக்கலை அவருக்கும் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.