கணினி மறுப்பது ஏன்? – லினக்ஸும் முத்திரைச் சோதனையும்

நீண்ட விடுமுறை கழிந்து பள்ளி திறக்கிறது. ஜாசின் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில், உபுண்டு லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்றை ஆசிரியர் முடுக்குகிறார் என்று கொள்வோம். மென்பொருள்களைப் புதுப்பிக்க 'ஆப்ட் அப்டேட்' என்று கட்டளையிடுகிறார். கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்று கணினி மறுத்துவிடுகிறது. இணையம் இருக்கிறது, கட்டளையிலும் பிழையில்லை. 'சோதனையை நீக்கிவிடுங்கள், வேலை நடக்கும்' என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அந்த யோசனை ஏற்கத்தக்கதா என்பதை அறிய, சோதனை இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும்.

தமிழாசிரியர்கள் அறிந்த சான்றொன்று இதை விளக்கும். கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அக்கொடையைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேடுகள் 21. அவை ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தில் இராசேந்திர சோழனின் முத்திரை பதிக்கப்பட்டுள்ளது. ஏடுதோறும் முத்திரையில்லை; வளையத்து முத்திரை ஒன்றே ஏடுகள் அனைத்துக்கும் காவல்.

டெபியன், உபுண்டு, சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் ஆகிய லினக்ஸ் வகைகளின் முறையும் இத்தகையதே. களஞ்சியத்தில் உள்ள ஆயிரக்கணக்கான பொதிகளுக்கும் தனித்தனியே கையொப்பமில்லை. ஒவ்வொரு பொதிக்கும் 64 எழுத்துள்ள ஒரு சரிபார்ப்புக் குறி உண்டு. பொதியில் ஓரெழுத்து மாறினும் குறி மாறிவிடும். இக்குறிகள் பட்டியல்களில் அடங்கும். அப்பட்டியல்களின் குறிகள் 'ரிலீஸ்' என்னும் தலைக்கோப்பில் அடங்கும். அந்தத் தலைக்கோப்பில்தான் வெளியிடுவோர் தம் மறைசாவியால் ஒப்பமிடுகின்றனர். நம் கணினியிலுள்ள பொதுச்சாவி அவ்வொப்பத்தைச் சோதிக்கிறது. ஆகவே, மறுப்பு என்பது கணினியின் கோளாறன்று. காவலன் தன் கடமையைச் செய்கிறான் என்பதே பொருள்.

மறுப்புக்குக் காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, கடிகாரம். தலைக்கோப்பில் தேதியும் உண்டு. பழைய கணினியினுள் இருக்கும் நாணய வடிவ மின்கலம், பெரும்பாலும் 2032 எண்ணுடையது, தீர்ந்துபோனால் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். இன்று வெளியான கோப்பு அக்கணினிக்கு நாளைய கோப்பாகத் தோன்றும். 'இன்னும் செல்லத்தக்கதன்று' எனத் தள்ளிவிடும். தேதியைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் போதும்.

இரண்டாவது, சாவி. திரையில் 'நோ பப்கீ' என்று வந்தால் பொதுச்சாவி கணினியில் இல்லை என்று பொருள். சாவிக்குத் தவணை முடிவதும் உண்டு, மாறுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் காலி லினக்ஸ் குழுவினர் தம் மறைசாவியை இழந்து, புதிய சாவியால் ஒப்பமிட வேண்டியதாயிற்று. பழைய சாவியை மட்டும் வைத்திருந்த கணினிகள் புதிய ஒப்பத்தை ஏற்கவில்லை. பயனர்கள் புதுச்சாவியைத் தாமே இறக்கிக்கொள்ள நேர்ந்தது. இத்தகைய வேளையில் சாவியை வெளியிட்டோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெற்று, 'கைரேகை' எனப்படும் அதன் அடையாளக் குறியை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வழிப்போக்கன் நீட்டிய சாவியைக் கொண்டு வீட்டைப் பூட்டுவார் உண்டோ?

மூன்றாவது, முகவரி. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதமே. அதன்பின் அவற்றின் பொதிகள் பழம்பதிப்புக் களஞ்சியத்துக்கு மாற்றப்படும். பழைய முகவரியில் தலைக்கோப்பே இராது. இதற்கு மருந்து, 5 ஆண்டு ஆதரவுள்ள நெடுங்காலப் பதிப்புக்கு மாறுவதே.

நான்காவது, இணைப்பு. அலோர் காஜாவிலோ மலாக்கா நகரிலோ பொது வைஃபையில் இணைந்தால், முதலில் நுழைவுப் பக்கம் ஒன்று தோன்றுவதுண்டு. அதில் பதியாவிடில், தலைக்கோப்பைக் கேட்ட கணினிக்கு அப்பக்கமே வந்து சேரும். ஒப்பம் எங்ஙனம் பொருந்தும்? இறக்கம் பாதியில் அறுந்தாலும் குறிகள் பொருந்தா. உலாவியைத் திறந்து பதிவு செய்துகொண்டு, மீண்டும் முயன்றால் சரியாகும்.

இந்நான்கையும் பாராமல் சோதனையை நீக்குவது வளையத்தை அறுத்துவிட்டு ஏடுகளை நம்புவது போலாகும். 2016 பிப்ரவரி 20ஆம் நாள் லினக்ஸ் மின்ட் தளத்தைத் தாக்கியவர்கள், பின்வாசல் வைத்த கள்ளப் பிரதிக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டனர். சோதிக்காமல் நிறுவியோர் கள்வனுக்குத் தாமே கதவைத் திறந்துவிட்டவராயினர்.

பள்ளிக் கணினியில் மாணவரின் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும். எனவே அது மறுக்கும்போது மணி, சாவி, முகவரி, இணைப்பு என்னும் வரிசையில் பார்ப்பது நலம். காரணம் தெரியாதவிடத்துப் புதுப்பித்தலை ஒருநாள் தள்ளிவைத்தல் தகும். காவலை நீக்குதல் தகாது.