திடலில் எச்ஐவி பற்றிப் பேசலாமா? பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

பந்து விளையாட அனுப்பிய பிள்ளையிடம் எய்ட்ஸ் பேச்சு எதற்கு?

மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. 2002இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று உறுதியானது. அன்று முக்கியக் காரணம் போதை ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதுதான். போதைப் பழக்கத்துக்கான மெத்தடோன் சிகிச்சையும் 2006இல் வந்த ஊசி மாற்றுத் திட்டமும் அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிட்டன. இன்று புதிய தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் உடலுறவால் வருபவை. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். அந்த வயது வருவதற்கு முன்பே பிள்ளைக்கு விவரம் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் நாம் வாயைத் திறப்பதில்லை. ஆசிரியரிடம் கேட்கப் பிள்ளைகளுக்குக் கூச்சம். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆறுமுகத்தைத் தந்த போர்ட் கிள்ளான் பக்கம், மாலையானால் பையன்கள் யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கும் இடம் திடல்தான். அங்கே அண்ணன் முறையில் பழகும் பயிற்றுநர் இருக்கிறார். அவர் சொன்னால் கேட்பார்கள்.

விளையாடும்போதே தொற்றிவிடாதா?

வியர்வை, எச்சில், ஒரே தண்ணீர் போத்தல், மாற்றிப் போட்ட ஜெர்சி, நீச்சல் குளம் எதிலும் தொற்றாது. ரத்தக் காயம்? மோதல் மிகுந்த அமெரிக்கக் காற்பந்தை ஆராய்ந்தவர்கள் கணித்த அபாயம், 85 மில்லியன் மோதல்களில் ஒன்றுக்கும் குறைவு. அப்படியும் காற்பந்து விதி கண்டிப்பானது. ரத்தம் வடிந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும்; ரத்தம் நின்றதை உறுதி செய்த பிறகே திரும்பலாம். இது யாருக்கும் பொது, எச்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். தனக்குத் தொற்று இருப்பதாக 1991 நவம்பரில் அறிவித்த கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன், மறு ஆண்டே பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடினார்.

பந்தை வைத்து இதை எப்படிச் சொல்லித்தருவது?

ஜிம்பாப்வேயில் காற்பந்து ஆடிய டாமி கிளார்க் உள்ளிட்டோர் 2002இல் தொடங்கிய ‘கிராஸ்ரூட் சாக்கர்’ அமைப்பின் பயிற்சி ஒன்றைப் பாருங்கள். பிள்ளைகள் இரு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வரிசை சிறு பந்தை முதுகுக்குப் பின்னால் கைமாற்றும். எதிர் வரிசை யார் கையில் பந்து என்று ஊகிக்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஊகித்தவர்கள் தோற்பார்கள். அப்போது பயிற்றுநர் கேட்பார்: அந்தப் பந்துதான் எச்ஐவி என்றால், பார்த்தே சொல்லிவிட முடியுமா? இன்னொரு பயிற்சியில் ஒவ்வொரு கூம்பும் ஓர் ஆபத்து. பந்தை உருட்டிச் செல்லும்போது கூம்பில் பட்டால், பட்டவர் தண்டால் எடுக்க வேண்டும். அடுத்த சுற்றில் அவரோடு கூட்டாளிகளும் எடுக்க வேண்டும். ஒருவர் செய்வது மற்றவரையும் பாதிக்கும் என்பது அப்போது புரியும்.

இளையோரிடம் எச்ஐவி பற்றிப் பேசுவது நமக்கும் புதிதல்ல. சுகாதார அமைச்சு 1996இல் தொடங்கிய ‘புரோஸ்டார்’ திட்டம், 13 முதல் 25 வயது வரையிலான இளையோரைப் பழக்கி, அவர்களையே சக வயதினரிடம் பேச வைத்தது.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகாதா?

இல்லை. பாலியல் கல்வி இளையோரை முன்கூட்டியே உறவுக்குத் தூண்டுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. கைப்பேசியில் கண்டதைப் பார்த்துத் தானாகத் தெரிந்துகொள்வதுதான் எனக்குக் கவலை.

விளையாட்டு மட்டும் போதுமா?

போதாது. இத்தகைய பயிற்சிகளால் அறிவு கூடுகிறது. நடத்தையை மாற்றுவது அதைவிடக் கடினம். சிவப்பு ரிப்பன் குத்தி, பேனர் கட்டி, ஒருநாள் போட்டி நடத்திக் கிண்ணம் கொடுத்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. பயிற்றுநருக்கு முறையான பயிற்சி வேண்டும். ஆணுறை பற்றிக் கேட்டால் நெளியாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். பையன் தனியாக வந்து பேசினால் அதை ஊருக்குச் சொல்லாமல், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பத் தெரிய வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனைகளில் எச்ஐவிக்கான முதல்நிலை மருந்து இலவசம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால், பரிசோதனைக்கே பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆக, திடலில் எவ்வளவு பேசினாலும், பிள்ளை கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்கும்.