முதல் விமர்சகர்கள் சுரங்கத்துக் குடும்பங்களே

‘பூமியின் உப்பு’ என்றதும் நமக்கு மலைப்பொழிவே நினைவுக்கு வரும். ஆனால் 1954இல் இப்பெயருடன் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தை எடுத்தவர்கள், கம்யூனிஸ்டுகள் என்று ஹொலிவூட்டினால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். இயக்குநர் ஹேர்பேர்ட் பீபர்மன், காங்கிரஸ் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்துச் சிறை சென்றவர்.

படத்தின் கதை உண்மையில் நடந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் எம்பயர் சிங்க் கம்பனியின் நாகச் சுரங்கத்தில், 1950 ஒக்டோபரில், பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளியினரான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1951 யூனில், தொழிலாளர் சுரங்க வாசலை மறித்து நிற்கக்கூடாதென நீதிமன்றம் தடைவிதித்தது. தடை தொழிலாளருக்குத்தானே, எங்களுக்கு இல்லையே என்று மனைவிமார் போய் நின்றார்கள். கணவன்மார் பலருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பிள்ளைகளோடு சிறையிலும் அடைத்தார்கள், பெண்கள் விலகவில்லை.

படத்தில் எஸ்பெரான்சா வாசலுக்குப் போக, கணவன் ரமோன் வீட்டில் விறகு கொத்தி உடுப்புத் தோய்க்கிறான். வீட்டுக்குக் குழாயில் சுடுதண்ணீர் வேண்டுமெனப் பெண்கள் கேட்டபோது ஆண்கள் அதனைப் பின்தள்ளியிருந்தார்கள். தன் கை நோகும்போதுதான் ரமோனுக்கு அதன் அவசியம் விளங்குகிறது. குடத்தோடு வரிசையில் நின்று பழகிய எம் சகோதரிகளுக்கு இதனை நாம் விளக்கத் தேவையில்லை.

படம் எடுக்குமுன் கதாசிரியர் மைக்கல் வில்சன் எழுதியதை அக்குடும்பங்களிடமே கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். ரமோன் வேறொரு பெண்ணோடு உறவுகொள்வதாக இருந்த பகுதி வேண்டாமென்றனர். தம்மவரைப் பற்றி மற்றவர்கள் வழமையாகச் சொல்லும் அவதூறு அது என்பது அவர்களின் வாதம். எழுதியவர் அதனை நீக்கினார். நடித்தவர்களிற் பெரும்பாலோரும் அவர்களே. ரமோனாக வந்த ஹுவான் சக்கோன் அவ்வூர்த் தொழிற்சங்கத் தலைவர். நாம் அறிந்தவரை இதைவிடக் கண்டிப்பான விமர்சனம் அப்படத்துக்குக் கிடைக்கவில்லை.

நகரத்து விமர்சகர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். நியூ யோர்க் ரைம்ஸில் பொஸ்லி குரொதர் பாராட்டினார். பிரித்தானியச் சஞ்சிகையொன்றில் போலின் கேல் அதனைக் கம்யூனிசப் பிரசாரமென்று சாடினார். அவர் சொன்னதில் உண்மை சிறிதும் இல்லையென்று நாம் கூறமாட்டோம். படத்தில் கம்பனிக்காரர்கள் வெறும் கெட்டவர்களாகவே வருகிறார்கள். ஆனால் பிரசாரமா, இல்லையா என்ற அந்தச் சண்டையில் சுடுதண்ணீர்க் குழாய் மறைந்துபோயிற்று. அதனைத் தேடிக் கண்டவர்கள், 1960களிலும் 70களிலும் படத்தை மீண்டும் திரையிட்ட பெண்கள் இயக்கத்தினரே.

வெளிவந்த காலத்தில் பார்க்கக் கிடைத்தவர்களே குறைவு. படத்தை ஓட்டும் இயந்திரத் தொழிலாளரின் சங்கமே அதனை ஓட்ட மறுத்தது; அமெரிக்கா முழுவதிலும் ஒரு டசின் அளவான அரங்குகளே திரையிட்டன. தொழிலாளர் கதையைத் தொழிலாளர் சங்கமே தடுத்ததுதான் எமக்குப் பெரிய வருத்தம். அதே 1954இல் செக்கோஸ்லொவாக்கியாவின் கார்லோவி வாரி விழாவில் அது உயர் பரிசு பெற்றது. 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

எஸ்பெரான்சாவாக நடித்த மெக்சிக்க நடிகை றொசவுறா றெவுவெல்ற்றாஸை 1953இல் படப்பிடிப்பு முடியுமுன்பே கைதுசெய்து நாடு கடத்தியிருந்தார்கள். எஞ்சிய காட்சிகள் சிலவற்றில் அவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தித்தான் படத்தை முடித்தார்கள்.